வெறும்பாதி

முதலில் தவறு செய்தவன் ஆவுடையப்பன். இதை எழுதிவிட்டால்தான் எனக்கு மற்றது எழுத ஓடும். ஊரே இன்றைக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறது, அவனுக்குக் கொய்யாப்பழமும் ஆரஞ்சுப்பழமும் வாங்கிக்கொண்டு போகிறது, அவன் பென்சிலால் கிறுக்கிய காகிதத்தைப் பார்த்துத்தான் உலை வைக்கிறது. வைக்கட்டும். ஆனால் முதலில் தவறு செய்தவன் அவன்தான், நான் இல்லை.

என் பெயர் கொம்பையா. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். செவல்குளம் நகராட்சியில் முப்பத்தொரு வருஷம் சங்கு ஊதினேன். தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இரும்புச் சட்டத்தில் பொருத்தியிருக்கிற மின்சாரச் சங்கு அது. காலை ஐந்து, ஒன்பது, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு எட்டு. நான் பித்தானை அழுத்தினால் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் தூக்குவாளியைத் திறப்பார்கள், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும், மைதீன் டீக்கடையில் இரண்டாவது பாய்லரை ஏற்றுவார்கள், தாலி கட்டக் காத்திருக்கிற மாப்பிள்ளை முடிச்சைப் போடுவார். ஒவ்வொரு தடவையும் ஒரு முழு நிமிஷம் ஊதவேண்டும் என்று வழக்கம் ஏற்படுத்தியதும் நான்தான். அதற்கு முன்னால் அரை நிமிஷம்தான் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு ஒன்பது மணிச் சங்கையும் ஊதி முடித்த பிறகு, என் வீட்டுக்காரி சண்முகத்தாய்க்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. ஆவுடையப்பன் சங்குக்கு மாற்றாள். அன்றைக்கு அவனுக்கு விடுப்பு. ஆனாலும் வெற்றிலை போட்டுக்கொண்டு தொட்டியடியில்தான் உட்கார்ந்திருந்தான்.

"வே ஆவுடை, மதியச் சங்கை மட்டும் பாத்துக்கிடும். ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துருதேன்."

"போயிட்டு வாரும் வே. பன்னெண்டுக்கு ஒரு பித்தான அமுக்க எனக்குத் தெரியாதா?"

என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கட்டிவிட்டுப் போனேன். அன்றைக்கு ரயில் நிலையத்தில் ஏதோ சினிமாப் படப்பிடிப்பு. என் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அதைப் பார்க்கப் போய்விட்டான். திரும்பி ஓடிவந்து சங்கை ஊதும்போது பன்னிரண்டு மணி இருபது நிமிஷம். தீப்பெட்டி ஆபீஸில் ஒரு பெண் பசிமயக்கத்தில் விழுந்தாள். மண்டபத்தில் நல்ல நேரம் கழிந்த பிறகு தாலி ஏறியது. ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தது சரியாகச் சங்கு ஊதும்போது. மருத்துவச்சி பதிவேட்டில் 'பகல் 12.00' என்று எழுதினாள். எழுதியதை அடிக்கக்கூடாது என்று பிறகு சொல்லிவிட்டார்கள். இருபது நிமிஷத்தில் லக்கினம் மாறிவிட்டது. எந்த ஜோசியர் எந்த நேரத்தை எடுப்பது என்று தெரியாமல், என் மகள் கோமதி முப்பத்து நான்கு வயது வரை ஜாதகத்தைச் சுமந்துகொண்டு வீட்டிலிருந்தாள்.

விசாரணையில் ஆவுடையப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றான். "எனக்கு அன்னைக்கு லீவுல்லா சார்?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது. எனக்கு ஆறு மாதம் வேலை நீக்கம். அதற்குப் பிறகு ஊரில் என் பெயர் இருபது நிமிஷம். 'இருபது நிமிஷத்தார் வீடு எது?' என்று கேட்டால் தபால்காரருக்குத் தெரியும். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் இருபது நிமிஷம் மக என்று கூப்பிட்டார்கள். அவனுக்குத் தலைமைச் சங்கு ஆபரேட்டர் பதவி கொடுத்தார்கள், ஓய்வு பெற்ற அன்றைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாற்பது வருஷமாக நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் முன்னால் 'அந்த இருபது நிமிஷம் என்னுடையது' என்று ஒரு தடவை சொல்லவேண்டும். அவன் ஒவ்வொரு தடவையும் வேறு பேச்சு பேசுவான்.

பிறகு அவனுக்கு மறதி வந்தது. கடைக்குப் போனவன் பக்கத்துத் தெருவில் அடுத்தவர் வீட்டுக் கட்டிலில் படுத்துத் தூங்கினான். பெண்டாட்டி பிரமுவைப் பார்த்து, 'நீங்க எந்த ஊரும்மா?' என்று கேட்டான். எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. செய்த பாவத்தை மறக்கவும் ஒரு வியாதி கிடைக்கிறதே இவனுக்கு என்று எரிந்தது.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபக்கனி, அறுபது வயது தாண்டியவர்களை எல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை வரச்சொன்னாள். பத்து நிமிஷச் சோதனை. முப்பது மார்க். இன்றைக்கு என்ன தேதி, நூறில் ஏழு போனால் எத்தனை, அதில் ஏழு போனால் எத்தனை, இப்படிப் போகும். மூன்று சொல் சொல்லுவாள். வேறு கேள்வியெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அந்த மூன்றையும் திரும்பக் கேட்பாள். ஒரு கடிகாரம் வரையச் சொல்லுவாள்.

"இது நோய் இருக்குன்னு சொல்ற சோதனை இல்லைய்யா," என்று எல்லோருக்கும் விளக்கினாள். "பெரிய டாக்டர்ட்ட அனுப்பணுமா வேண்டாமான்னு சொல்ற சோதனை. யாரும் பயப்படாதீங்க."

எனக்கு முன்னால் ஆவுடையப்பனை உட்காரவைத்தாள். பூட்டு, எலுமிச்சை, படகு என்று மூன்று சொல் சொன்னாள். தேதி கேட்டாள், ஏதோ ஒரு தேதி சொன்னான். காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு வட்டம் போட்டான், உச்சியில் பன்னிரண்டை எழுதினான், ஒன்று முதல் பதினொன்று வரை எல்லா எண்களையும் வலது பக்கமே நெருக்கி எழுதி அடி வரைக்கும் கொண்டுவந்தான், இடது பக்கம் பாதி வட்டத்தை ஒன்றுமே எழுதாமல் விட்டான், நடுவில் ஒரே ஒரு முள்ளைப் போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தான். முள் நகரத் தொடங்கியது. ஜெபக்கனி அதைப் பார்த்தாள். கடிகாரம் ஓடுகிறது என்று எழுதப் பாரத்தில் இடம் இல்லாததால் ஓரத்தில் பொடியாக எழுதிக்கொண்டாள். மார்க் பூஜ்யம்தான் போட்டாள்.

"அய்யா, முதல்ல மூணு சொல் சொன்னேனே. ஞாபகம் இருக்கா?"

ஆவுடையப்பன் கூரையைப் பார்த்தான். "மழை," என்றான். "சட்டை," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கொம்பையா," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பெண்டாட்டியின் பெயர் போய்விட்டது, பிள்ளைகளின் பெயர் போய்விட்டது, என் பெயர் மட்டும் உள்ளே கிடக்கிறது. அது எதற்காகக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். முழுக்கப் போவதற்குள் அவன் வாயிலிருந்து அதை எடுத்துவிடவேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

அடுத்தது நான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ரயிலுக்கும் சைக்கிளுக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்டாள். "ரெண்டுமே எனக்காக ஒருநாளும் நின்னதில்ல," என்றேன். ஒரு மார்க் குறைத்துவிட்டாள். ரெண்டும் வண்டி என்று சொல்லியிருக்க வேண்டுமாம். பிறகு, படிப்புக் குறைந்தவர்களுக்கு ஒரு மார்க் சேர்த்துக் கொடுக்கும் விதி இருக்கிறது என்று அந்த ஒன்றைத் திருப்பிப் போட்டு முப்பது ஆக்கினாள்.

"அந்த ஒரு மார்க் எனக்கு வேண்டாம்மா."

"விதி அப்படித்தான்யா. முப்பதுக்கு முப்பது. உங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

நான் வரைந்த கடிகாரத்தைப் பார்த்தீர்களானால் அச்சில் வந்ததுபோல் இருக்கும். பன்னிரண்டும் அதனதன் இடத்தில், சின்ன முள்ளும் பெரிய முள்ளும் பதினொன்று பத்தில். அது அப்படியே நின்றது.

ஜெபக்கனி ஆவுடையப்பனின் காகிதத்தைத் தொலைந்துபோகக் கூடாது என்று சுகாதார நிலைய வராந்தாச் சுவரில் ஒட்டினாள். என் கைக்கடிகாரத்தின்படி, முள் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டைத் தொடும், பகல் இரண்டுக்குள் எல்லா எண்களையும் கடந்துவிடும், இரண்டிலிருந்து மாலை ஆறு வரைக்கும் எண்ணே இல்லாத இடது பக்கத்தில் ஏறி, மறுபடி பன்னிரண்டைத் தொடும். ராத்திரி அது என்ன செய்தது என்று யாரும் பார்க்கவில்லை, ஊர் தூங்கியது. அந்த எண் இல்லாத பகுதிக்கு மைதீன்தான் வெறும்பாதி என்று பெயர் வைத்தான்.

முதலில் மினிபஸ் டிரைவர்தான் அதை மதித்தான். முள் வெறும்பாதிக்குள் போனதும் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, இப்போது எத்தனை மணி என்று யாராலும் சொல்லமுடியாது, அதனால் வண்டி தாமதமாகவும் முடியாது என்றான். பயணிகளுக்கும் அது சரியாகப் பட்டது, இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் தாயக்கட்டை கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி மணியை அடிக்கவில்லை, பிள்ளைகள் விளையாடி அலுத்தபோது வீட்டுக்குப் போனார்கள். ஒரு நாள் ஒரு நாத்தனார் தன் அண்ணன் பெண்டாட்டியைச் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் என்று வழக்கு கவுன்சிலரிடம் போனது. கவுன்சிலர் வராந்தாச் சுவரைப் பார்த்தார்.

"எப்போ சொன்னா?"

"நேத்து வெறும்பாதியில."

"அப்போ அவ சொல்லவே இல்ல. போங்க, போய்ப் புள்ளைகளுக்குச் சோறு போடுங்க."

அன்றிலிருந்து அதுவே ஊர் வழக்கம் ஆகிவிட்டது. வெறும்பாதியில் சொன்னது சொன்னதாகாது. இந்த வழக்கம் வந்ததும் ஜனங்கள் சொல்லத் தொடங்கினார்கள், பெண்டாட்டிக்குப் புருஷன் சொன்னான், மாமியாருக்கு மருமகள் சொன்னாள், இருபது வருஷம் பேசாதிருந்த பங்காளிகள் வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டு, முள் பன்னிரண்டைத் தொட்டதும் வேட்டியைத் தட்டிக்கொண்டு பேசாதவர்களாகவே வீட்டுக்குப் போனார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் காரில் வந்தார், முள் நகர்வதை அளந்தார், மைதீன் கடையில் இரண்டு டீ குடித்தார், வந்த நேரம் வெறும்பாதியாக இருந்ததால் அறிக்கையில் போட மணி கிடைக்கவில்லை என்று திரும்பிப் போய்விட்டார். கடைசியில் நகராட்சி தீர்மானம் போட்டது. ஐந்து வேளைச் சங்கு இனி வேண்டாம், காகிதத்தில் முள் பன்னிரண்டைத் தொடும்போது மட்டும் ஊதினால் போதும். என் சங்கு. முப்பத்தொரு வருஷம் ஒரு நொடி பிசகாமல் நான் ஊதிய சங்கு, மறதிக்காரன் கிறுக்கலைப் பார்த்து ஊதத் தொடங்கியது.

நான் வீட்டில் உட்கார்ந்து கடிகாரம் வரைந்தேன். நல்ல காகிதம் வாங்கி வரைந்தேன், அவன் பிடித்த அதே பென்சிலை ஜெபக்கனியிடம் கேட்டு வாங்கி வரைந்தேன். எதுவும் ஓடவில்லை. பிறகு வெட்கத்தை விட்டு அவனைப்போலவே எண்களை வலது பக்கம் நெருக்கி, இடது பக்கத்தை வெறுமையாக விட்டு வரைந்து, அதைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன்.

"அய்யா," என்றாள், "தெரிஞ்சே தப்பாப் போட்டா ஓடாது போலிருக்கு."

கோமதி போனில் கூப்பிட்டாள். "அப்பா, எனக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருஷம் ஆச்சு. விடுங்கப்பா."

"நீ விடலாம். நான் எப்படி விடுவேன்?"

இதற்கிடையில் பிரமு மதினி ஒன்றைக் கண்டுபிடித்தாள். வெறும்பாதி நேரத்தில் ஆவுடையப்பனுக்குத் தெளிவு வந்தது. காலை முழுக்கச் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நிற்கிறவன், முள் எண்களைக் கடந்ததும் பிரமுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், பேத்தி எந்த வகுப்பு என்று கேட்டான். அதனால் தினமும் அவனைச் சுகாதார நிலைய வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஊர் அவன் காலடியில் பழம் வைத்தது. நானும் தினமும் போய் எதிரில் உட்கார்ந்தேன். நான் பழம் கொண்டுபோகவில்லை.

முப்பத்தேழு நாள் போனேன். பழைய கதையெல்லாம் பேசினான். தொட்டிக்குள் விழுந்த குரங்கு, சங்குக்குள் கூடு கட்டிய புறா, எல்லாம். அந்த வியாழக்கிழமைப் பக்கம் வந்தால் மட்டும் வெற்றிலை கேட்பான். முப்பத்தெட்டாம் நாள் வெற்றிலை கேட்கவில்லை. என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வே கொம்பையா. அந்த வாட்ச்ச அன்னைக்கு என் கையில கட்டிவிட்டீருல்லா."

"ஆமா."

"ஸ்டேஷன்ல நிக்கும்போது அதப் பாக்காமலேயே இருந்துட்டேன் வே. பாத்திருந்தா ஓடியாந்திருப்பேன். ஒருத்தர்ட்டயும் சொல்லல. இப்போ சொல்லிருதேன். அன்னைக்கு..."

"நில்லும்!" என்றேன்.

ஏன் நிறுத்தினேன் என்றால், முள் வெறும்பாதியில் இருந்தது. வராந்தாவில் நானும் அவனும் பிரமு மதினியும்தான். வெறும்பாதியில் சொன்னது சொன்னதாகாது. நாற்பது வருஷம் காத்திருந்தது அப்படிக் கணக்கில் வராத நேரத்தில் வாங்கிக்கொண்டு போவதற்கா? என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முள் பன்னிரண்டைத் தொட இருபது நிமிஷம் இருந்தது.

"இப்போ சொல்லாதியும். பன்னெண்டு தொடட்டும். ஊரைக் கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் வாயத் திறக்காம இரும்."

"சரி வே," என்று அவன் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டான், பிள்ளைபோல.

"கொழுந்தனாரே," என்றாள் பிரமு மதினி, "இப்பவே கேட்டுக்கிடுங்க. உங்க ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

"எனக்கு முன்னமே தெரியும் மதினி. ஊருக்குத்தான் தெரியணும்."

இந்த வயதில் நான் ஓடினேன். மைதீனைக் கூப்பிட்டேன், கவுன்சிலரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன், தாயம் ஆடிக்கொண்டிருந்த பெண்களைக் கட்டையோடு கிளப்பினேன், ஜெபக்கனியை ஊசி போடுகிற அறையிலிருந்து இழுத்துவந்தேன், கோமதிக்குப் போன் போட்டு, காதை எடுக்காதே என்று சொல்லி அந்தப் போனை ஆவுடையப்பன் மடியில் வைத்தேன். வராந்தா கொள்ளாமல் கூட்டம். அவன் இன்னும் உதட்டைப் பொத்திக்கொண்டுதான் இருந்தான், கண் தெளிவாக இருந்தது, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். முள் ஏறியது. நான் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன், முப்பத்தொரு வருஷம் பித்தானுக்கு மேலே கையை உயர்த்திக்கொண்டு நின்றதுபோலவே நின்றேன். முள் பன்னிரண்டைத் தொட்டது.

"சொல்லும் வே!" என்றேன்.

சங்கு ஊதியது.

ஆவுடையப்பன் கையை எடுத்தான், வாயைத் திறந்தான், சொன்னான். உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, நெஞ்சில் கைவைத்தான், என்னை நோக்கி விரலை நீட்டினான், பிறகு அந்த விரலைத் தன் பக்கம் திருப்பினான், கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஒரு சொல்கூட ஒருவர் காதிலும் விழவில்லை. தண்ணீர்த் தொட்டி சுகாதார நிலையத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. சங்கு ஒரு முழு நிமிஷம் ஊதியது. அந்த ஒரு நிமிஷ வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்.

சங்கு ஓய்ந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறையப் பேரை ஒரே நேரத்தில் பார்த்தவன்போல மலங்கினான். பிறகு என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்.

"அண்ணாச்சி, நீங்க யாரு?"

மடியில் கிடந்த போனிலிருந்து கோமதியின் குரல் வந்தது. "அப்பா, ஒரே சங்குச் சத்தமா இருந்துச்சுப்பா. அவரு என்ன சொன்னாரு?"

கூட்டம் கலைந்தது. சிலர் அவன் மன்னிப்புக் கேட்டான் என்றார்கள், மைதீன் அவன் டீ கேட்டான் என்றான், கவுன்சிலர் எனக்குத்தான் மூளை பிசகிவிட்டது என்று ஜெபக்கனியிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்தொரு வருஷம் சங்கு ஊதியவன், பன்னிரண்டு தொட்டால் சங்கு ஊதும் என்பதை மறந்துவிட்டேன்.

"இதுக்கு உன் சோதனையில கேள்வி இருக்காம்மா?" என்று ஜெபக்கனியிடம் கேட்டேன்.

அவள் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த நாளிலிருந்து வெறும்பாதியிலும் அவனுக்குத் தெளிவு வரவில்லை. சொல்லி முடித்துவிட்டான் அல்லவா, இனி அவனுக்கு எதற்குத் தெளிவு? ஆறு மாதம் கழித்து ஜெபக்கனி மறுபடி எங்களை உட்காரவைத்தாள். மூன்று சொல்லைத் திரும்பக் கேட்டபோது ஆவுடையப்பன் சிரித்தான். மழையும் இல்லை, சட்டையும் இல்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், அவன் என்னைப் பார்த்துதான் சிரித்தான், என் பெயரும் இல்லை.

எனக்குக் கடிகாரம் வரையும் கேள்வி வந்தது. பதினொன்று பத்து காட்டச் சொன்னாள். நான் பன்னிரண்டு இருபது காட்டினேன்.

"அய்யா, தப்பாப் போட்டிருக்கீங்க."

"தப்பாப் போட்டது நான் இல்லம்மா."

ஒரு மார்க் குறைத்தாள், படிப்புக் குறைவுக்கு ஒரு மார்க் சேர்த்தாள், முப்பது. எனக்கு இப்போதும் ஒரு குறையும் இல்லையாம். அவன் காகிதம் இன்னும் சுவரில் ஓடுகிறது, ஊர் இன்னும் அவன் காலடியில் பழம் வைக்கிறது. நானும் தினமும் பகல் இரண்டு மணிக்குப் போய் அவன் எதிரில் உட்காருகிறேன். இப்போதெல்லாம் முள் பன்னிரண்டை நெருங்கும்போது எழுந்து போய்த் தொட்டியடியில் நின்று, இன்றைக்கு ஒருநாள் மட்டும் ஊதாமல் இரு என்று ஆபரேட்டரிடம் கேட்கிறேன். நகராட்சித் தீர்மானம் இருக்கிறது என்று அவன் ஊதுகிறான். ஒரு முழு நிமிஷம். ஓய்ந்ததும் திரும்பி வராந்தாவுக்கு வருகிறேன்.

"வாங்க அண்ணாச்சி, நீங்க யாரு?" என்கிறான் ஆவுடையப்பன்.

"நீர் எனக்கு இருபது நிமிஷம் தரணும் வே," என்கிறேன் நான்.